கற்றுக்கொள்பவருக்கு இது போதாது

எலெக்ட்ரானிக்ஸ் பழகப் போகிறேன், எந்த சால்டரிங் அயர்ன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். “இருபத்தஞ்சு வாட் அயர்ன் ஒண்ணு, ஒரு சுருள் ஈயம், ஒரு டப்பா பேஸ்ட். கத்துக்கறதுக்கு இது போதும். கை பழகின அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்.” சென்னை ரிச்சி தெருவில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் இதைச் சொல்கிறார். கல்லூரி ஆய்வகத்தில் கொள்முதல் பட்டியல் எழுதுபவர் இதை நம்பித்தான் எழுதுகிறார். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று காசு எடுத்துக் கொடுக்கும் அப்பாவும் இதைத்தான் கேட்டுவிட்டு வருகிறார். எல்லாரும் நல்லெண்ணத்தோடு சொல்லும் இந்த அறிவுரை தவறானது. ஆர்வத்தோடு வந்த எத்தனையோ பேரை “எனக்கு இது வராது” என்று திருப்பி அனுப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கருத்துக்கு உள்ள பலத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது மூன்று காரணங்களைச் சொல்கிறது. முதலாவது, முன்னோடிகளின் அனுபவம். ரேடியோ காலத்திலிருந்து கலர் டி.வி. காலம் வரை தெருவுக்குத் தெரு இருந்த மெக்கானிக்குகள் வெப்பக் கட்டுப்பாடே இல்லாத அயர்னை வைத்துத்தான் எண்ணற்ற போர்டுகளுக்கு உயிர் கொடுத்தார்கள். இரண்டாவது, பணம். இன்றைக்கு ஆசைப்படுபவர் ஒரு மாதத்தில் விட்டுவிடலாம். அதற்குள் ஏன் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டும்? மூன்றாவது, திறமை. கருவி வேலை செய்வதில்லை, கைதான் செய்கிறது. இந்த மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் “தொடங்குபவருக்கு மட்டமானது போதும்” என்ற முடிவு கிடைக்காது. கிடைப்பது அதற்கு நேர் எதிரான முடிவு.

1. மெக்கானிக்கிடம் இருந்தது அயர்ன் மட்டுமா?

நல்ல மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அயர்ன் சும்மா கிடந்து அளவுக்கு மேல் காய்ந்துவிட்டதை அயர்னின் முனையான பிட்டின் நிறத்திலும் புகை கிளம்பும் வேகத்திலும் கண்டுகொள்வார். சுவிட்சை அணைப்பார். அயர்ன் மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் ஐ.சி.யின் கால்களை வரிசையாகப் பற்றவைத்து முடிப்பார். கனமான செப்புப் பரப்பு வந்தால் திரும்பவும் சுவிட்சைப் போட்டு, நன்றாகக் காயவிட்டு, பிட்டின் நுனியை வைக்காமல் பக்கவாட்டைச் சாய்த்து வைப்பார். கருவியில் இல்லாத தெர்மோஸ்டாட்டின் வேலையை அவர் கண்ணும் மூக்கும் பார்த்துக்கொண்டன. அது பல வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் அதே கருவியைக் கொடுத்துவிட்டு, “அவர் செய்யவில்லையா?” என்று கேட்பது என்ன நியாயம்?

கட்டுப்பாடில்லாத அயர்னின் உள்ளே நடப்பது இதுதான். ஹீட்டர் ஒரே சீராக வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. காற்றும் இணைப்பும் அதை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. வரவும் செலவும் எந்த இடத்தில் சமமாகிறதோ அதுதான் பிட்டின் வெப்பநிலை. ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது அது 400 டிகிரி செல்சியஸைச் சுற்றி ஏறி நிற்கும். மெல்லிய எல்.இ.டி. காலைத் தொட்டால் கொஞ்சம் இறங்கும். பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்த கிரவுண்ட் காலைத் தொட்டால் மளமளவென்று இறங்கிவிடும். இதோடு நம் ஊர் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட்டில் 25 வாட் தரும் அயர்ன் சாயங்காலம் 200 வோல்ட்டாக இறங்கும் வீட்டில் 19 வாட்தான் தரும். காலையில் வந்த இணைப்பு மாலையில் வராது.

புதிதாகப் பழகுபவர் அனேகமாக முதலில் செய்யும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ நானோ போர்டு வாங்குகிறார். கூட வரும் பின் வரிசைகளைப் பக்கத்துக்குப் பதினைந்தாக, மொத்தம் முப்பது இடத்தில் பற்றவைக்க வேண்டும். பெரும்பாலானவை நன்றாகப் பிடித்துவிடும். கிரவுண்ட் பின்களில் மட்டும் சால்டர் உருண்டு திரண்டு காலின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே செப்பில் பரவியிருக்காது. மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் “டிரை சால்டர்” என்பார். பழகுபவருக்கு அது தெரியாது. போர்டு சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும். அவர் புரோகிராமைச் சந்தேகிப்பார், கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பார், கடைசியில் தன்னைச் சந்தேகிப்பார். அவர் கை முப்பது இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. மாறியது பிட்டின் வெப்பநிலை.

எதையும் பழகுவதற்கு ஒரே செயல் ஒரே பலனைத் தர வேண்டும். பிரேக் ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் பிடிக்காத சைக்கிளில் யாரும் பிள்ளைக்கு ஓட்டக் கற்றுத் தருவதில்லை; பழகியவர்தான் அதைச் சமாளித்து ஓட்டுவார். கைத்திறமை முக்கியம் என்று சொல்பவர்கள்தான் முதலில் நிலையான கருவியைக் கேட்டிருக்க வேண்டும்.

2. குறைந்த வாட் பத்திரம் என்று யார் சொன்னது?

“அறுபது வாட்டெல்லாம் வேண்டாம், போர்டு கருகிடும்” என்பது இந்த அறிவுரையோடு இலவசமாக வரும் துணை அறிவுரை. வாட் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பத்தை எவ்வளவு வேகமாக ஈடுகட்ட முடியும் என்பதை வாட் சொல்கிறது. எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாடுதான் தீர்மானிக்கிறது. 60 வாட் அயர்னில் சென்சார் இருந்து 330 டிகிரியில் நிறுத்தினால் அது 330ஐத் தாண்டி எங்கும் போகாது. 25 வாட் அயர்ன் தன்பாட்டுக்கு 400ஐத் தொடும்.

சேதத்தை உண்டாக்குவது சூடும் நேரமும் சேர்ந்து. எல்.எம்.358 போன்ற சாதாரண ஐ.சி.க்களின் விவரத்தாளிலேயே காலின் வெப்பத்துக்கு 260 டிகிரி, 10 நொடி என்று எல்லை போட்டிருப்பார்கள். திறன் உள்ள அயர்ன் இரண்டு மூன்று நொடியில் இணைப்பை முடித்துவிட்டு விலகிவிடும். திறனில்லாத அயர்னை வைத்துக்கொண்டு அழுத்தி, தேய்த்து, இருபது நொடி காத்திருக்கும்போது ஐ.சி.யும் வேகிறது, போர்டும் வேகிறது. நம்மவர்கள் ஜீரோ பி.சி.பி. என்று வாங்கும் பழுப்பு நிற ஃபினாலிக் போர்டில் செப்பு வட்டங்கள் அவ்வளவு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. அப்படி வேகவைத்தால் வட்டம் கழன்று பிட்டோடு வந்துவிடும். பத்திரம் என்று சொல்லிக் கொடுத்த அயர்னால் வரும் சேதம் இது.

கட்டுப்பாடு என்பது நேற்று வந்த சொகுசும் இல்லை. மின்சார சால்டரிங் அயர்னைத் தொழிற்சாலைப் பொருளாக்கிய ஜெர்மனியின் எர்ஸா நிறுவனம் தொடங்கியது 1921இல். பிட்டின் பின்புறம் ஒரு காந்த உலோகத்தை வைத்து, குறிப்பிட்ட சூட்டில் அது காந்தத்தன்மையை இழந்ததும் சுவிட்சைத் துண்டிக்கும் முறையை வெல்லர் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தது. ஹாக்கோவின் டி12 வகை பிட்டுகளில் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே, நுனிக்கு வெகு அருகில் இருக்கின்றன. அதனால்தான் வெப்பம் குறைந்தவுடன் அவை உடனே ஈடுகட்டுகின்றன. இவற்றைப் பார்த்துச் செய்த மலிவான சால்டரிங் நிலையங்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் குமிழ் இருப்பதாலேயே அது வெப்பக் கட்டுப்பாடு ஆகிவிடாது. மலிவான பல அயர்ன்களில் அந்தக் குமிழ் ஃபேன் ரெகுலேட்டர் போல மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. நுனி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. “உள்ளே சென்சார் இருக்கா?” என்று கேட்டு வாங்குங்கள்.

3. “ஈயம் எதுவானால் என்ன?”

இருப்பதிலேயே பெரிய பிழை இதுதான். அயர்னைப் பற்றியாவது நாலு வார்த்தை பேசுகிறார்கள். சால்டர் கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “ஒரு சுருள் ஈயம்” என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் காசில் முதல் பங்கு போக வேண்டிய இடம் அதுதான்.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். 60/40 கலவை 183இல் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுதாக உருகும். நடுவில் கொஞ்சம் கூழ் நிலை. கை நடுங்கும் புதியவருக்கு இந்த ஏழு டிகிரி பெரிய விஷயம். கூழாக இருக்கும் நேரத்தில் கால் அசைந்துவிட்டால் உள்ளே விரிசலோடு உறைந்துவிடும். இந்த இரண்டு உலோகங்களில் விலை கூடியது வெள்ளீயம். அதனால் கலப்படம் செய்பவர் குறைப்பதும் அதையே. விகிதம் தலைகீழாகி 40 பங்கு வெள்ளீயம், 60 பங்கு காரீயம் என்று ஆனால், முழுதாக உருக 238 டிகிரி வேண்டும். கூழ் நிலை ஐம்பது டிகிரிக்கு மேல் நீளும். பெயரில்லாத சுருளை வாங்கிய மாணவி எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இணைப்பு மங்கலாக, சொரசொரவென்றுதான் வரும்.

கம்பியின் உள்ளே ஃப்ளக்ஸ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின்தான் பெரும்பாலும் அந்த ஃப்ளக்ஸ். செப்பின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் உண்டு. அது இருக்கும்வரை உருகிய வெள்ளீயம் செப்பைத் தொடவே தொடாது, மேலே உருண்டு நிற்கும். ரோசின் சூடாகி அந்தப் படலத்தைக் கரைத்து ஒதுக்கினால்தான் வெள்ளீயமும் செப்பும் சேர்ந்து மெல்லிய கலவைப் படலம் உண்டாகும். இணைப்பைப் பிடித்துவைப்பது அதுதான்.

நல்ல சால்டரில் இது நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். 0.7 அல்லது 0.8 மி.மீ. கம்பி, கடையில் 22 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். பிட்டைக் காலிலும் செப்பு வட்டத்திலும் ஒருசேர வைத்து ஒரு நொடி விட்டு, கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுக்கிறீர்கள். முதலில் தேன் நிறத்தில் ரோசின் கசிந்து பரவுகிறது. அதன் பின்னாலேயே உருகிய உலோகம் பளிச்சென்று ஓடி வட்டத்தை நிறைத்து, காலைப் பிடித்துக்கொண்டு மேலேறுகிறது. கம்பியை எடுத்து, பிறகு பிட்டை எடுத்தால், ஓரங்களில் உள்நோக்கி வளைந்த சரிவோடு உறைகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நல்ல இணைப்பு எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது நம் ஆய்வகங்களில் நடப்பதைப் பாருங்கள். பிட்டைப் பேஸ்ட் டப்பாவுக்குள் குத்துகிறார்கள், புஸ்ஸென்று புகை. பிறகு பிட்டில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு போய் காலின் மேல் அப்புகிறார்கள். ஆக்சைடைக் கரைக்க வேண்டிய ஃப்ளக்ஸ் இணைப்புக்கு வந்து சேருமுன்பே டப்பாவிலும் வழியிலும் எரிந்து போய்விடுகிறது. காலும் வட்டமும் சூடாகவே இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பழக்கம் உருவானதற்குக் காரணம் கருவிதான்: கம்பிக்குள் போதுமான ஃப்ளக்ஸ் இல்லை, அயர்னுக்கு இணைப்பைச் சூடாக்கும் தெம்பும் இல்லை. மட்டமான பொருள் வேலையைக் கெடுப்பதோடு நிற்காமல் முறையையும் கெடுக்கிறது. கெட்ட முறை கையில் ஏறிவிட்டால், “அப்புறம் வாங்கிக்கலாம்” என்ற நல்ல கருவி வந்த பிறகும் அது இறங்குவதில்லை.

பேஸ்ட்டே கூடாது என்பதில்லை. பழைய போர்டை வேலை பார்க்கும்போதும் விக் வைத்து ஈயத்தை உறிஞ்சும்போதும் தனி ஃப்ளக்ஸ் பெரிய உதவி. அது எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் வகையாக இருக்க வேண்டும். குழாய் வேலைக்கும் தகர வேலைக்கும் விற்கும் பேஸ்ட்டில் துத்தநாகக் குளோரைடு இருக்கலாம். அது போர்டில் தங்கி மெல்ல மெல்ல டிராக்கை அரித்துவிடும்.

4. அரமும் உப்புத்தாளும் இன்னும் எதற்கு?

பெரியவர்கள் சொன்னது எல்லாமே அவர்கள் காலத்துக் கருவிக்குச் சரி. அப்போது பிட் என்பது வெறும் செப்புக் கம்பி. உருகிய வெள்ளீயம் செப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும், நுனி குழிந்துபோகும், அரத்தால் ராவிச் சீராக்குவார்கள். செப்பு கரைவதைக் குறைப்பதற்காகவே கொஞ்சம் செப்பை முன்கூட்டியே கலந்து சேவ்பிட் என்ற சால்டர்கூட வெளிநாட்டில் விற்றது. இன்றைய பிட் வேறு. உள்ளே செப்பு, அதன் மேல் இரும்பு முலாம். வெள்ளீயத்தில் இரும்பு மிக மெதுவாகத்தான் கரையும், அதனால் பிட் நெடுநாள் உழைக்கும். அந்த முலாமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பிட்டின் ஆயுள் அன்றோடு முடிந்தது. அப்படித் தேய்த்துவிட்டு, “விலை கூடின பிட்டும் இப்படித்தான் ஓட்டை விழுது” என்கிறார்கள். பித்தளை நார் அல்லது ஈரப் பஞ்சில் துடைத்து, அணைப்பதற்கு முன் நுனியில் கொஞ்சம் சால்டர் பூசி வைத்தால் போதும்.

பிட்டின் வடிவத்திலும் இதே கதை. ஊசி போன்ற கூர்முனை நுணுக்கமான வேலைக்கு என்று கொடுக்கிறார்கள். கூர்முனை தொடும் பரப்பு குறைவு, வெப்பம் இறங்குவதும் குறைவு. இரண்டு மி.மீ. அகல உளி வடிவப் பிட்தான் பழகுபவருக்கு ஏற்றது.

5. யாருடைய பணம் மிச்சமாகிறது?

மலிவு என்ற வாதத்தை அதன் கணக்கிலேயே பார்க்கலாம். கருகிய அயர்ன், கழன்ற வட்டங்களோடு குப்பைக்குப் போன போர்டுகள், வெந்துபோன சென்சார், பிறகு எப்படியும் வாங்கியே தீர வேண்டிய நல்ல அயர்ன். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி ஒரு வெப்பக் கட்டுப்பாட்டு நிலையமோ, யு.எஸ்.பி. சி சார்ஜரில் ஓடும் சின்ன அயர்னோ கிடைக்கிற காலத்தில், இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆசை விட்டுப்போனாலும் நல்ல அயர்னைப் பாதி விலைக்காவது வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும். தேய்ந்த 25 வாட் அயர்னை யார் வாங்குவார்?

சிக்கனம் செய்ய வேறு இடங்கள் இருக்கின்றன. பெட்டிக்குள் பெட்டியாக இருபது சாமான் அடுக்கிய கிட் வேண்டாம். உறிஞ்சும் பம்ப் சாதாரணமானதே போதும். ஸ்டாண்டு கனமாக இருந்தால் சரி. பாத்திரம் தேய்க்கும் பித்தளை நார் பிட் துடைக்கவும் ஆகும். அது முழுப் பித்தளைதானா, வெறும் பித்தளை முலாம் பூசியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளுக்கு இது இன்னும் பொருந்தும். முப்பது மட்டமான அயர்ன் வாங்குவதற்குப் பதிலாகப் பத்து நல்லது வாங்கலாம். ஒரு பயிற்சியில் ஒரு மாணவர் பற்றவைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் போர்டில் பாகங்களை அடுக்குவதும் சரிபார்ப்பதும். மூன்று பேருக்கு ஒன்று தாராளம்.

6. உடம்புக்கு என்ன ஆகும் என்பதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

இரண்டு பின் பிளக்கோடு வரும் மலிவு அயர்னுக்கு எர்த் கிடையாது. உள்ளே காப்பு பழுதானால் மின்சாரம் நுனிக்கு வரும், கைக்கும் வரும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கசியும் சிறு மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டின் கேட்டைச் சத்தமில்லாமல் பொசுக்கிவிடும். மூன்று பின், உண்மையான எர்த்: இதில் பேரம் கூடாது.

புகையில் ஈயம் இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கும் மேலே. அயர்ன் சூட்டில் அது ஆவியாவது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. புகை ரோசினுடையது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரவழைக்கும் என்பது தொழிலாளர் உடல்நலத் துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். குனிந்து முகத்தைப் புகையில் வைக்காமல், பக்கவாட்டில் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. அதே விரலோடு முறுக்கும் டீயும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள். காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகள் புழங்கும் வீட்டில் சால்டர் துண்டுகள் மேசையில் கிடக்கவே கூடாது.

அப்படியானால் ஈயமில்லா சால்டரிலேயே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பா 2006 ஜூலை முதல் தொழிற்சாலைப் பொருட்களில் அதை வற்புறுத்தியது சரிதான். குப்பைமேட்டிலிருந்து ஈயம் மண்ணுக்குப் போவதைத் தடுக்க அது தேவை. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் நானும் அதையே எடுப்பேன். ஆனால் வழக்கமான ஈயமில்லாக் கலவை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பரவுவதும் குறைவு, பிட்டையும் சீக்கிரம் தின்னும். 25 வாட் அயர்னோடு அதைச் சேர்த்துக் கொடுப்பது பழகுபவருக்குச் செய்யும் இரட்டை அநியாயம். அதற்குக் கட்டுப்பாடுள்ள அயர்ன் இன்னும் அவசியமாகிறது.

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி மிஞ்சுகிறது. உண்மையிலேயே கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது, என்ன செய்ய? பெயர் சொல்லி விற்கும் நிறுவனத்தின் மூன்று பின் அயர்ன், இரும்பு முலாம் பூசிய உளி வடிவப் பிட், 22 கேஜ் 63/37 ரோசின் கம்பி சின்னச் சுருள். வேறு எதுவும் வேண்டாம். முதலில் பழைய ஒயர்களை ஒன்றோடொன்று பற்றவையுங்கள். பிறகு போர்டில் ரெசிஸ்டர், எல்.இ.டி. அயர்ன் சும்மா இருக்கும் நேரத்தில் சுவிட்சை அணைத்து வையுங்கள். பெரிய கிரவுண்ட் பரப்புள்ள போர்டு வந்தால், நண்பரிடமோ கல்லூரியிலோ நல்ல அயர்ன் ஒன்று ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும்வரை அதைத் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில் சால்டர் பிடிக்கவில்லையென்றால் அதற்குக் காரணம் உங்கள் கை இல்லை.